ஒரே டிஸ்க், இரண்டு கம்ப்யூட்டர், ஆர்தரின் பக்கம்

ஒரு டிஸ்க்கை இரண்டு கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், இரண்டும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுமா, அல்லது அடித்துக்கொள்ளுமா?

எங்கள் கடைக்குப் பெண்டாங்கிலிருந்து அரிசி மூட்டை கொண்டுவரும் லோரி ஓட்டுநர் ஆர்தர், ஒரு நாள் இதைக் கேட்டுவிட்டு வேண்டுமென்றே சிரித்தார். பள்ளிப் படிப்பின் கடைசிச் சோதனையான எஸ்.பி.எம். எழுதி முடித்து, எல்லாம் தெரிந்த மாதிரி உட்கார்ந்திருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. ஆர்தருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய வாழ்க்கையே ஒரு முறை அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு மீண்டிருந்தது. மீட்டவர் பீடோங்கில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பிரிஜெட். விசாரித்துத் தெரிந்துகொண்டதை முடிந்தவரை தெளிவாக எழுதுகிறேன். இது பிரிஜெட்டின் கதை.

பிரிஜெட்டுக்கு முப்பத்தேழு வயது. செமிலிங் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். அப்பா டிராக்டர் ஓட்டினார். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்ததும் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஒன்பது வருடம் அங்கே சர்வர் அறையைப் பார்த்துக்கொண்டார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே பற்கள் தந்தியடிக்கும் குளிர். பிரிஜெட் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, ஆறு ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக, இயந்திரங்களை ‘வாடா, போடா’ என்று அதட்டிக்கொண்டு வேலை செய்தார்.

அந்த நாட்களிலேயே அவருக்கு ஒரு கொள்கை உண்டு. ஏதாவது கெட்டுப்போனால் முதலில் எழுதுவதை நிறுத்த வேண்டும். சரிபண்ணுவது பிறகுதான். ஒருமுறை டிஸ்க் ஒன்று தப்பும் தவறுமாகப் பேச ஆரம்பித்தபோது, யாரையும் கேட்காமல் ஓர் உற்பத்தி வரிசையையே நாற்பது நிமிடம் நிறுத்திவிட்டார். மேனேஜர் ஓடிவந்து கத்தினார்.

“யாரைக் கேட்டு நிறுத்தினே?”

“டிஸ்க்கைக் கேட்டேன் சார். அதுதான் நிறுத்தச் சொல்லிச்சு.”

நிறுத்தியது சரி என்று சாயங்காலம் தெரிந்தது. மேனேஜர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் முதல் கத்தவும் இல்லை.

தொழிற்சாலை அவருடைய பிரிவை மூடியபோது, கிடைத்த தொகையில் பீடோங் கடைத்தெருவில் பிரிஜெட் சொந்தமாகக் கடை போட்டார். பக்கத்தில் சண்முகவள்ளியம்மாவின் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. கீபோர்டில் மீன் குழம்பு கொட்டியவர்கள் அங்கே கை கழுவிவிட்டு நேராக இங்கே வருவார்கள். கல்யாணத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் பதில் தயாராக இருந்தது.

“சர்வர் மாதிரி இருபத்து நாலு மணி நேரமும் லீவு கேட்காம ஓடற ஆள் இருந்தா சொல்லுங்க. நாளைக்கே கல்யாணம்.”

இருபது நிமிடத் தூரத்தில் இருந்த பங்குக் கோயிலிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. சுற்று வட்டாரத்தில் மூடப்பட்ட தோட்டங்களின் சிற்றாலயங்களில் எழுதப்பட்ட பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் அங்கே ஓர் இரும்பு அலமாரியில் கிடந்தன. யார், எப்போது, எங்கே பிறந்தார்கள், தாய் தகப்பன் யார், எந்தச் சாமியார் ஞானஸ்நானம் கொடுத்தார் என்பதெல்லாம் அவற்றில் இருந்தன. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, பிறப்புப் பதிவே இல்லாமல் போன பலருக்கு அந்தப் புத்தகம்தான் ஒரே சாட்சி. அதைக் கரையான் தின்றுகொண்டிருந்தது. எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து வைக்க வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்து தர முடியுமா என்று கேட்டார்கள்.

தொழிற்சாலை ஏலத்தில் போன பழைய சர்வர் ஒன்று பிரிஜெட்டிடம் இருந்தது. எட்டு டிஸ்க் கொண்டது. அதைக் கொண்டுபோய், கோயில் மண்டபத்துக்குப் பின்னால் கிறிஸ்துமஸ் குடில் சாமான்கள் வைக்கும் அறையில், மூன்று ஒட்டகப் பொம்மைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

அலுவலகத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று கேரனுடையது. கேரன் இருபத்தாறு வயதுப் பெண்; காலையில் மட்டும் வேலைக்கு வந்து பக்கங்களைப் படமெடுப்பார். கேமராவில் கார்டு கிடையாது. எடுத்த படம் கம்பி வழியாக நேரே கம்ப்யூட்டருக்குப் போகும். இன்னொன்று ரோனால்ட் சாருடையது. ஓய்வு பெற்ற ஆசிரியர், கோயில் கமிட்டிச் செயலாளர். படங்களைப் பார்த்துப் பெயர்களைத் தட்டெழுதுவது அவர் வேலை. அந்தப் பதிவேடுகளில் ஒன்றை எழுதியவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். செமிலிங் பக்கத்து அந்தோணியார் சிற்றாலயத்தில் உபதேசியாராக இருந்தவர்.

ஒரு சிக்கல் வந்தது. படமெடுக்கும் மென்பொருள் அடம் பிடித்தது. ‘கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க்கில் மட்டும்தான் சேமிப்பேன், நெட்வொர்க்கில் உள்ள கோப்புறையில் சேமிக்க மாட்டேன்’ என்றது. கேரனின் கம்ப்யூட்டரில் இருந்த டிஸ்க்கோ மிகச் சின்னது.

பிரிஜெட் இதற்காகக் கவலைப்படவில்லை. சர்வரின் எட்டு டிஸ்க்குகளிலிருந்து ஒரு பங்கை ஒதுக்கினார். அந்தப் பங்கை, ஒரு முழு டிஸ்க் போலவே, நெட்வொர்க் கேபிள் வழியாகக் கேரனின் கம்ப்யூட்டருக்கு நீட்டினார். கேரனின் கம்ப்யூட்டர் ஏமாந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒட்டகத்துக்கு அருகில் இருப்பதைத் தன் வயிற்றுக்குள் இருக்கும் டிஸ்க் என்றே நம்பியது. மென்பொருளும் வாயை மூடிக்கொண்டு சேமித்தது.

கோப்புறையைப் பகிர்வதும் டிஸ்க்கைப் பகிர்வதும் ஒன்றல்ல. நானும் முதலில் இங்கேதான் குழம்பினேன். கோப்புறையைப் பகிர்ந்தால், சர்வர் ஒரு நூலகர் மாதிரி முகப்பில் உட்கார்ந்திருக்கும். யார் வந்து கேட்டாலும் அதுவே உள்ளே போய் எடுத்துக் கொடுக்கும், அதுவே திரும்ப அடுக்கி வைக்கும். எத்தனை பேர் வந்தாலும் கலையாது. டிஸ்க்கைப் பகிர்ந்தால் நூலகர் கிடையாது. வெறும் அலமாரியையும் சாவியையும் அப்படியே தூக்கிக் கொடுப்பது போல. எதை எங்கே வைத்தோம் என்ற கணக்கு வாங்கியவருடைய தலையில்தான் இருக்கும். அதனால் பிரிஜெட்டின் விதி, ஒரு டிஸ்க்குக்கு ஒரு கம்ப்யூட்டர். ரோனால்ட் சாருக்குப் படம் வேண்டுமென்றால், கேரனின் கம்ப்யூட்டர் வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

ரோனால்ட் சாருக்கு இதுதான் பிடிக்கவில்லை. கேரன் ஒரு மணிக்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகு சார் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆர்தர் அந்த அலுவலகத்துக்கு வந்தது இந்தச் சமயத்தில்தான். நாற்பத்தொரு வயது. அந்தோணியார் சிற்றாலயம் இருந்த அதே தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தவர். பிறப்பை யாரும் பதியவில்லை. பெற்றோர் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கையில் இருந்தது நிரந்தரவாசி என்று சொல்லும் சிவப்பு அடையாள அட்டை. குடிமகனுக்குரிய நீல அட்டைக்கு விண்ணப்பித்து, இரண்டு வருடம் காத்திருந்து, பதிவு இலாகாவில் நேர்காணல் கிடைத்திருந்தது. வியாழக்கிழமை காலை எட்டரை மணி. இங்கேதான் பிறந்தேன் என்பதற்கு ஏதாவது ஓர் எழுத்துச் சான்று கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

“நாப்பத்தோரு வருஷமா இங்கேயேதான் மூச்சு விடறேன் தங்கச்சி,” என்றார் பிரிஜெட்டிடம். “பேப்பர்ல மட்டும் நான் விருந்தாளி.”

“புத்தகத்துல உங்க பேர் இருந்தா படமா எடுத்துடலாம்ணே. இருக்கான்னு கேரன் பார்த்துச் சொல்லும்.”

இருந்தது. திங்கட்கிழமை கேரன் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தார். அந்தோணியார் சிற்றாலயப் பதிவேடு, பக்கத்தின் கடைசி வரி. கரையான் அரித்த தாள். ஒரு தடவை திருப்பினால் இரண்டாம் தடவைக்கு மிஞ்சாது. விளக்கைச் சரிசெய்து கேமராவைத் தொடப்போன நேரத்தில் கோயிலில் பன்னிரண்டு மணிக்கான மணி அடித்தது. கேரன் பக்கத்தின் மூலையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்தபடியே நின்று மூவேளை செபத்தைச் சொல்லி முடித்தார். பிறகு படமெடுத்தார். அடுத்த பக்கத்துக்குப் போக மெல்லத் தூக்கியபோது, தாள் மூன்றாக உடைந்து, முறுக்குத் தூள் மாதிரி மேசையில் உதிர்ந்தது.

“அலாமாக்!” என்றார் கேரன். பிறகு திரையைப் பார்த்து மூச்சு விட்டார். “தாப்பா, பரவாயில்ல, படத்துல இருக்கு.”

இனி அந்தப் படம்தான் பக்கம். கையெழுத்தும் முத்திரையும் போட வேண்டிய ஃபாதர் வெளியூரில் இருந்தார். புதன்கிழமை மதியம் வருவார். வந்ததும் ஞானஸ்நானச் சான்றிதழ் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பிரிஜெட்டின் தொலைபேசி அடித்தது. கேரனின் குரல் கீச்சிட்டது.

“அக்கா, போல்டர் எல்லாம் காணோம்! பேருக்குப் பதிலா கோழி கிறுக்கின மாதிரி என்னமோ வருது. டிஸ்க் கெட்டிருக்கு, ரிப்பேர் பண்ணட்டுமான்னு கேக்குது.”

பின்னால் ரோனால்ட் சாரின் குரல் கேட்டது. “ஓகேன்னு அமுக்கும்மா. ரிப்பேர் பண்றேன்னு அதுவே சொல்லுதே.”

“கையை எடுங்க!” பிரிஜெட் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடையில் சண்முகவள்ளியம்மாவே கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “யாரும் எதையும் அமுக்கக் கூடாது. ரெண்டு கம்ப்யூட்டர்லயும் பின்னாடி இருக்கிற நெட்வொர்க் கேபிளைப் புடுங்குங்க. இப்பவே.”

“காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுத் தர்ற அந்தோணியாரை வேண்டிக்கிட்டு இருக்கேன்க்கா.”

“நல்லா வேண்டிக்கோ. பொத்தானை மட்டும் தொடாதே.”

பதினெட்டே நிமிடத்தில் பிரிஜெட் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நேரே ஒட்டக அறைக்குப் போய் சர்வரின் பதிவைத் திறந்தார். கேரனின் டிஸ்க்கோடு யார் யார் இணைந்திருந்தார்கள் என்று அது தேதி வாரியாகச் சொல்லும். ஒரு பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன. இரண்டாவது பெயர் ரோனால்ட் சாரின் கம்ப்யூட்டர். சனிக்கிழமை பிற்பகலிலிருந்து.

“சார், சனிக்கிழமை என்ன பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணலையேம்மா. நீ கேரனுக்குச் செஞ்சு கொடுத்ததைப் பார்த்திருந்தேன். அதே மாதிரி நம்பரைப் போட்டேன். டிஸ்க் வந்துச்சு. படமெல்லாம் தெரிஞ்சுது. சரி, போலே, முடியும்னு நெனச்சேன்.”

“பார்த்தீங்களா, எழுதினீங்களா?”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நேத்து... எல்லாப் படத்தையும் சேர்த்து ஒரே புத்தகமா ஒரு பெரிய ஃபைல் பண்ணினேன். அங்கேயே சேவ் பண்ணினேன்.”

“நடுவுல ஆஃப் பண்ணீங்களா?”

“நான் எப்பவுமே ஆஃப் பண்ண மாட்டேனே.”

பிரிஜெட் நாற்காலியில் உட்கார்ந்தார். ரோனால்ட் சார் தற்காப்பாகப் பேச ஆரம்பித்தார்.

“எங்க அப்பா காலத்துல அந்தப் பதிவேட்டுல ரெண்டு உபதேசியாருங்க எழுதினாங்க. காலையில ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர். அடுத்த காலி வரியில எழுதிட்டுப் போவாங்க. ஒரு தகராறும் வந்தது இல்ல. ஒரே புத்தகம், ரெண்டு பேரு, அவ்வளவுதானே?”

“அவங்க ரெண்டு பேரும் புத்தகத்தைத் திறந்து, பார்த்துட்டு எழுதினாங்க சார். இதுங்க பார்க்காம எழுதும்.”

பிரிஜெட் சொன்னது இதுதான். கம்ப்யூட்டர் ஒரு டிஸ்க்கோடு இணையும்போது, எந்த இடம் நிரம்பியிருக்கிறது, எது காலி என்ற வரைபடத்தை ஒரு தடவை படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். டிஸ்க் தனக்கு மட்டும்தான் என்பது அதன் நம்பிக்கை. ஆகவே மறுபடி சரிபார்க்காது. ரோனால்ட் சாரின் கம்ப்யூட்டர் வைத்திருந்தது சனிக்கிழமை வரைபடம். திங்கட்கிழமை கேரன் எடுத்த படங்கள் விழுந்த இடமெல்லாம் அதற்கு இன்னும் காலி மனைதான். செவ்வாய்க்கிழமை அந்த மனைகளின் மேலேயே அது தன் பெரிய ஃபைலைக் கட்டிவிட்டது. வரைபடத்தையும் தன் கணக்குப்படி திருத்தி எழுதிவிட்டது. அதன் மேல் கேரனின் கம்ப்யூட்டர் தன் கணக்கை எழுதியது.

பிரித்துக்கொள்ளவும் இல்லை, அடித்துக்கொள்ளவும் இல்லை. பக்கத்தில் இன்னொருவர் இருப்பதே தெரியாமல் ஒன்றை ஒன்று அழித்துவிட்டன. ஆர்தரின் கேள்விக்குப் பதில் அதுதான்.

ரோனால்ட் சார் கேரனின் பக்கம் திரும்பினார். “அப்போ ஆர்தர் பக்கம்?”

“திங்கக்கிழமை எடுத்தது,” என்றார் கேரன் மெல்ல. பிரிஜெட் வாரம் ஒரு முறை வேறு டிஸ்க்கில் நகல் எடுப்பார். கடைசி நகல் சனிக்கிழமை காலையோடு நின்றிருந்தது.

“ஹாபிஸ்லா, எல்லாம் போச்சு,” என்றார் சார். “எல்லாம் என்னாலதான்.”

“பாதி,” என்றார் பிரிஜெட். “இந்த டிஸ்க்கை இந்த கம்ப்யூட்டர் மட்டும்தான் தொடலாம்னு சர்வர்ல பேர் எழுதிப் பூட்டு போடலாம் சார். ஈஸ்டருக்கு முன்னாடி கேரன் கம்ப்யூட்டரை மாத்தினப்போ, பூட்டு இருந்தா புதுசு திறக்கலைன்னு பெரிய வார நேரத்துல போன் வந்துக்கிட்டே இருக்கும்னு நான் அந்தப் பூட்டைத் திறந்து விட்டேன். மறுபடி போடலை. கதவைத் திறந்து வெச்சது நான், உள்ளே நுழைஞ்சது நீங்க. அழறதா இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து அழுவோம். நாளைக்கு மத்தியானம்.”

பிறகு வேலையில் இறங்கினார். முதலில் பூட்டைப் போட்டார். அடுத்து, கெட்டுப்போன டிஸ்க்கை அப்படியே, அச்சு அசலாக, சர்வரின் காலி இடத்தில் நகலெடுக்கச் சொன்னார். இனித் தொடுவதெல்லாம் நகலைத்தான். நகல் கெட்டால் இன்னொன்று எடுக்கலாம். அசல் கெட்டால் ஆர்தருக்கு வேறு வழி இல்லை. ரிப்பேர் பொத்தானை அமுக்கியிருந்தால், கம்ப்யூட்டர் தனக்குப் புரியாத துண்டுகளையெல்லாம் குப்பை என்று கூட்டித் தள்ளியிருக்கும்.

நகலெடுக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பன்னிரண்டரைக்கு ஆர்தர் லோரியைக் கோயில் வாசலில் நிறுத்திவிட்டு, சான்றிதழ் வாங்கிப்போக வந்தார். அறையில் மூன்று பேரும் ஒரு திரையைச் சுற்றித் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

“என்ன, யாராச்சும் போயிட்டாங்களா?”

பிரிஜெட் மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். ஆர்தர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“தங்கச்சி, ரெண்டு வருஷம் காத்திருந்த தேதி. பேப்பர் இல்லாம நாளைக்குப் போய் நான் என்ன சொல்றது? கம்ப்யூட்டர் தின்னுடுச்சுன்னா?”

“தின்னிருந்தாலும் இன்னும் செரிச்சிருக்காது. உட்காருங்கண்ணே.”

“கிடைக்குமா?”

“டிஸ்க்குல வரைபடம்தான் போச்சு. படங்க அங்கங்கே கிடக்கும். மேல எழுதாத இடத்துல இருந்தா நிச்சயம் எடுப்பேன். எழுதின இடத்துல இருந்தா எவ்வளவு மிச்சம்னு பார்த்துட்டுச் சொல்றேன். அஞ்சு மணிக்குள்ள ஆமாவா இல்லையான்னு உங்களுக்குத் தெரியும். இழுத்தடிக்க மாட்டேன்.”

ஆர்தர் முதலாளிக்குப் போன் செய்து, லோரி நகராது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நகல் முடிந்தது. கோப்புறை, பெயர், வரைபடம் எதையும் நம்பாமல், டிஸ்க்கின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நடந்துபோய்ப் பார்க்கும் ஒரு மென்பொருளைப் பிரிஜெட் ஓட்டினார். அந்தக் கேமராவில் எடுத்த ஒவ்வொரு படமும் ஒரே மாதிரியான சில எழுத்துகளோடுதான் தொடங்கும். அந்தத் தொடக்கம் தென்படும் இடத்திலெல்லாம் மென்பொருள் குழி தோண்டிப் படத்தை எடுத்தது. இரண்டரை மணிக்கு மூவாயிரத்துச் சொச்சம் படங்கள் குவிந்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை. எல்லாம் பழுப்புத் தாள், எல்லாம் சாய்ந்த கையெழுத்து.

“இதுல எங்கேன்னு தேடுறது?” என்றார் ஆர்தர்.

“படம் எடுத்த நேரத்தைக் கேமரா படத்துக்குள்ளேயே எழுதி வைக்கும். கேரன், எத்தனை மணிக்கு எடுத்தே?”

கேரனுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. “மணி அடிச்சு, செபம் முடிச்சதும். பன்னெண்டு மூணு, நாலு இருக்கும்.”

பிரிஜெட் திங்கட்கிழமை பன்னிரண்டு மணியைத் தாண்டிய முதல் படத்தைத் தேடினார். பன்னிரண்டு மூன்று. திறந்தார்.

பக்கத்தின் மேல் பாதி வந்தது. பாதிக்குக் கீழே ஒரே சாம்பல் நிறம், தார் போட்ட சாலை மாதிரி. கடைசி வரி அந்தச் சாம்பலுக்குள் இருந்தது.

ரோனால்ட் சார் எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டார். ஆர்தர் திரையில் கடைசி வரி இருந்திருக்க வேண்டிய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“அவ்வளவுதானா தங்கச்சி?”

பிரிஜெட் நாக்கைக் கன்னத்தில் முட்டுக்கொடுத்து யோசித்தார். கீழ்ப் பாதியின் மேல் சாரின் ஃபைல் உட்கார்ந்துவிட்டது. சரி. ஆனால் தலைப்பகுதி பத்திரமாக இருக்கிறது. தலையில் நேரம் மட்டும்தானா இருக்கும்?

“அடச்சீ, மடச்சி,” என்று தன்னையே திட்டிக்கொண்டார். “கேரன், படம் எடுத்ததும் கேமராவோட குட்டித் திரையில ஒரு படம் தெரியுமே, அது எங்கேயிருந்து வருது?”

“கேமராவுல இருந்து.”

“படத்துக்குள்ள இருந்து! பெரிய படத்தோட தலையிலேயே முழுப் பக்கத்தையும் சின்னதா ஒரு நகல் எடுத்து வெச்சிருக்கும். பெரிசு பாதி போனாலும், சின்னது முழுசா தலையில இருக்கணும்.”

இரண்டு கட்டளைகளைத் தட்டினார். சின்னப் படம் தனியாகக் கழன்று வந்தது. மேலிருந்து கீழ்வரை முழுப் பக்கம். பெரிதாக்கியபோது எழுத்துகள் லேசாக மங்கின. ஆனால் கடைசி வரி இருந்தது.

“சார், ஜன்னல்ல என்ன வேடிக்கை? இங்க வாங்க. உங்க அப்பா கையெழுத்து, நீங்கதான் படிக்கணும்.”

ரோனால்ட் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பெயர், தகப்பன் பெயர், தாயின் பெயர், பிறந்த தேதி, தோட்டத்தின் பெயர், லயத்து எண். ஒவ்வொன்றாகப் படித்தார். தாயின் பெயர் வந்தபோது ஆர்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிரிஜெட் அவசரப்படவில்லை. “நமக்கு வேணும்கிறதுக்காகப் படிக்கக் கூடாது சார். சந்தேகம் இருக்கிற எழுத்தை மேல் பாதியில தெளிவா இருக்கிற வரிகளோட ஒப்பிட்டுப் பாருங்க. ஒண்ணு பொருந்தலைன்னாலும் அதைச் சான்றிதழ்ல எழுத வேணாம்.” சார் பூதக்கண்ணாடி இல்லாத குறையாக ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்தார். எல்லாம் பொருந்தின.

நாலேகாலுக்கு ஃபாதர் சான்றிதழில் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். படத்தையும் அச்சடித்து இணைத்தார்கள். மூலப் பக்கம் எப்படி உதிர்ந்தது, படம் எப்படிக் கெட்டது, எப்படி மீட்கப்பட்டது என்பதை ஒரு தாளில் மலாய் மொழியில் எழுதி, அதற்குக் கீழே பிரிஜெட் தன் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் போட்டார். ரோனால்ட் சார் பேனாவை வாங்கி, தன் தவறையும் ஒரு வரி சேர்த்து எழுதினார். யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை ஆர்தர் இலாகாவுக்குப் போனார். அதிகாரி அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாராம். “இப்படி விவரமாக யாரும் எழுதிக்கொண்டு வந்ததில்லை” என்று சொல்லி, கோப்பில் சேர்த்துக்கொண்டாராம். எட்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நீல அட்டையை வாங்கிய அன்று ஆர்தர் லோரியோடு பீடோங்குக்குப் போய், பிரிஜெட்டின் கடையை அடைத்துக்கொண்டு நிறுத்தினார்.

“அண்ணே, காடியை எடுங்க! கஸ்டமர் வர வழியில்ல.”

“இன்னிக்கு எவனும் என்னை நகரச் சொல்ல முடியாது தங்கச்சி,” என்றார் ஆர்தர்.

கோயிலில் வேலை தொடர்கிறது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இப்போது பெயர் எழுதிய பூட்டு உண்டு. நகல் தினமும் எடுக்கப்படுகிறது. ரோனால்ட் சாருக்கு, நூலகர் முறையில், சர்வரிலேயே ஒரு பொதுக் கோப்புறை கிடைத்துவிட்டது. கேரன் விடுவதில்லை. “சார், இன்னிக்கு யாரு டிஸ்க்குல குடியேறப் போறீங்க?” என்று தினமும் கேட்கிறார். சார் இப்போதெல்லாம் சிரித்துவிடுகிறார்.

பிரிஜெட் சிரிப்பதில்லை. அந்த இரண்டு நாளில் எடுத்த நூற்றெண்பது படங்களில் பதினான்கு எந்த வழியிலும் வரவில்லை. அந்தத் தாள்களும் உதிர்ந்துவிட்டன; எல்லாம் ஆர்தர் பிறந்த காலத்துப் பக்கங்கள். பதினான்கு பக்கங்களில் இருந்தவர்கள் யார் என்று அவருக்குத் தெரியாது. நான் போய்ப் பேசியபோது அவர் என்னிடம் கேட்டது அதைப் பற்றி மட்டும்தான்.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். செமிலிங் பக்கத்து அந்தோணியார் சிற்றாலயத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கிலோ ஐந்திலோ ஞானஸ்நானம் பெற்ற யாராவது உங்கள் குடும்பத்தில் இருக்கலாம். அப்போது கொடுத்த சான்றிதழ் ஏதாவது பெட்டிக்கு அடியில் கிடக்கலாம். தோட்டத்தை விட்டுப் போனவர்கள் பட்டர்வொர்த்திலும் கிள்ளானிலும் ஜொகூரிலும் சிதறி இருக்கிறார்கள். இந்தக் கதை அவர்கள் கையில் தானாகப் போய்ச் சேராது. தெரிந்தவர்களுக்கு நீங்கள் சொல்லுங்கள், அவர்களையும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள். தாளைப் பீடோங் கடைத்தெருவில் இருக்கும் அவர் கடைக்குக் கொண்டுவந்தால் பிரிஜெட் படமெடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்.